நெற்றியில் வைத்த கை

"உடம்பு சுடுகிறதா, தொட்டுப் பார்!"

நம் வீடுகளில் இந்த வாக்கியம் ஒலிக்காத மாதம் உண்டா? குழந்தை கொஞ்சம் சோர்ந்து உட்கார்ந்தால் போதும். அம்மா நெற்றியில் புறங்கையை வைப்பாள். பாட்டி கழுத்தடியில் விரல் விட்டுப் பார்ப்பாள். அப்பா தர்மாமீட்டரைத் தேடிக்கொண்டு மேஜை டிராயர்களையெல்லாம் கவிழ்ப்பார். தர்மாமீட்டர் அகப்படுவதற்குள் அம்மாவின் கை தீர்ப்புச் சொல்லி முடித்திருக்கும்.

அந்தக் கை போக முடியாத இடம் ஒன்று இருக்கிறது. சமீபத்தில் அதன் வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே நான் கற்றுக்கொண்டதையும், அதற்கு முன் நான் செய்த ஓர் அசட்டுத்தனத்தையும் இந்த வாரம் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். சொன்னால் எனக்கு மானக்கேடுதான். ஆனால் உங்களில் ஒருவருக்காவது பிரயோஜனப்படும்.

என் தம்பியின் பெண்ணுக்கு இரண்டரை வயது. ஜுரம் ஒன்றும் இல்லாமலே இரண்டு முறை வலிப்பு வந்துவிட்டது. குழந்தை வைத்தியர் மருந்து எழுதிக் கொடுத்தார். கூடவே, "மூளையை ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம். மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்" என்றும் சொன்னார். மூன்று வாரம் கழித்து ஒரு தேதி கிடைத்தது.

என் அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. "ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பார்கள், கேட்டிருக்கிறேன். படம் பிடிக்கக்கூடவா மயக்கம்?" என்று மூன்று வாரமும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நியாயமான கேள்விதான். எம்.ஆர்.ஐ. என்பது கண் இமைக்கும் நேரத்தில் முடிகிற எக்ஸ்ரே அல்ல. குகை போன்ற ஒரு யந்திரத்துக்குள் அரை மணி, முக்கால் மணி, சில சமயம் அதற்கும் மேலாக அசையாமல் படுத்திருக்க வேண்டும். காதருகே கொத்தனார் சுவரை இடிப்பது போன்ற சப்தம் வேறு. பெரியவர்களுக்கே மூச்சு முட்டும். இரண்டரை வயதுக் குழந்தை அங்கே அசையாமல் படுத்திருக்குமா? அசைந்தால் படம் கலங்கிப் போகும். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால்தான் மயக்கம்.

குறித்த நாள் வந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தம்பி மனைவி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"அக்கா, குழந்தைக்கு லேசாக உடம்பு சுடுகிறது. தர்மாமீட்டர் 100 காட்டுகிறது. என்ன செய்யலாம்?"

பட்டம் வாங்கியவள், பத்திரிகையில் ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவள், நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நூறெல்லாம் ஒரு ஜுரமா? ஜுர மருந்து ஒரு வேளை கொடு. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் இறங்கிவிடும். நாமாக ஒன்றும் சொல்ல வேண்டாம். சொன்னால் தேதியைத் தள்ளிப் போட்டுவிடுவார்கள். இன்னும் மூன்று வாரம் யார் காத்திருப்பது?"

மருந்து கொடுத்தாள். நான் சொன்னபடியே இறங்கியும் விட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பார்த்தபோது 98.8. எனக்கு உள்ளூரச் சற்றுப் பெருமைகூட. அப்புறம் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார்கள். குழந்தையோடு கொஞ்சம் விளையாடிவிட்டு, "நேற்றோ இன்றோ ஜுரம், சளி, இருமல் ஏதாவது உண்டா?" என்று கேட்டார்கள்.

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கவனமாகப் படித்தேன்.

தம்பி மனைவி என்னை ஒரு தடவை பார்த்தாள். மடியிலிருந்த குழந்தையை ஒரு தடவை பார்த்தாள். "இருந்தது டாக்டர். காலை ஐந்து மணிக்கு 100. ஜுர மருந்து கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா குழந்தையின் மார்பிலும் முதுகிலும் குழாயை வைத்துக் கேட்டார்கள். பிறகு, "மார்பில் சளி கட்டியிருக்கிறது. இன்றைக்கு வேண்டாம் அம்மா. அவசரமான ஸ்கேன் இல்லை. சளி நன்றாகத் தெளிந்தபின் வாருங்கள்" என்று ஃபைலை மூடிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. குற்றமுள்ள நெஞ்சுக்குத்தான் கோபம் சீக்கிரம் வரும் போலிருக்கிறது! "டாக்டர், மயக்கத்தில் உடம்பு குளிர்ந்து போகும் என்றுதானே சொல்கிறார்கள்? லேசாக ஜுரம் இருந்தால் அதற்கும் இதற்கும் சரியாகப் போய்விடாதா?" என்று கேட்டுவைத்தேன்.

டாக்டரம்மா சிரித்தார்கள். "அது மளிகைக் கடைக் கணக்கு அம்மா. உடம்பின் கணக்கு வேறே" என்று சொல்லி, எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார்கள். அவர்கள் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நம் மூளையின் அடிப்பாகத்தில் ஹைப்போதலமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதை வீட்டுப் பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் குளிர்ந்தால், "ஜன்னலைச் சாத்து" என்பாள். உடனே தோலுக்கு ஓடும் இரத்தக் குழாய்கள் சுருங்கிச் சூட்டை உள்ளே நிறுத்திக்கொள்ளும். கொஞ்சம் சுட்டால், "கதவைத் திற" என்பாள்; வேர்வை வரும். ஒரு டிகிரி செல்சியஸில் ஐந்தில் ஒரு பங்கு மாறினால்கூடப் பாட்டிக்குத் தெரிந்துவிடும். ராத்திரி, பகல் என்று பாராமல் இப்படிக் காவல் காப்பதால்தான் நம் உடம்பு எப்போதும் 98.4-ஐ ஒட்டியே நிற்கிறது.

மயக்க மருந்து குழந்தையை மட்டும் தூங்க வைப்பதில்லை. இந்தப் பாட்டியையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடுகிறது. இரண்டு மூன்று டிகிரி செல்சியஸ் இறங்கினாலொழிய அவள் கண் விழிப்பதில்லை. அது மட்டுமா? மூடியிருந்த ஜன்னல்களை மயக்க மருந்தே திறந்தும் விடுகிறது. தோலிலும் கைகால்களிலும் உள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வயிறு, மார்பு, மூளை ஆகிய நடுப்பாகத்தில் சேமித்து வைத்திருந்த சூடு கைகால்களுக்குப் பரவிவிடுகிறது. சோற்றைப் பாத்திரத்தில் குவியலாக வைத்திருந்தால் சூடு நிற்கும். இலையில் பரப்பினால் ஆறிவிடும் அல்லவா? அதே விஷயந்தான். பெரியவர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்திலேயே உள் உஷ்ணம் ஒன்று, ஒன்றரை டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடுவதுண்டு.

குழந்தைகளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. தவலை வெந்நீர் மெல்ல ஆறும். டம்ளர் காப்பி சீக்கிரம் ஆறிவிடும். உடம்பு சிறிதாக ஆக, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு அதிகம். பிறந்த குழந்தைக்கு இது பெரியவர்களுக்கு இருப்பதைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு. தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு. அதன் தலையே உடம்பின் நீளத்தில் கால் பங்கு. அந்தத் தலை வழியாகவும் சூடு போய்க்கொண்டே இருக்கும். கைக்குழந்தைக்குப் பெரியவர்களைப் போல் நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளவும் தெரியாது. அதற்குப் பதிலாகப் பழுப்புக் கொழுப்பு என்று ஒரு விசேஷக் கொழுப்பைப் பகவான் கொடுத்திருக்கிறார். அதை எரித்துத்தான் குளிர் காய்கிறது. மயக்க மருந்து அந்த அடுப்பையும் அணைத்துவிடுகிறது.

போதாக்குறைக்கு அந்த அறை! யந்திரத்தின் காந்தம் 269 டிகிரி செல்சியஸ் மைனஸில் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கிறது. அந்தக் குளிர் உறைக்குள்ளேயே அடைபட்டிருக்கும், குழந்தையைத் தொடாது. ஆனால் யந்திரத்துக்காக அறையை எப்போதும் ஏர்கண்டிஷன் செய்து, பெரும்பாலும் 18-லிருந்து 22 டிகிரிக்குள் வைத்திருப்பார்கள். குகைக்குள் விசிறிக் காற்றும் வீசும்.

"அப்படியானால் என் மாமியார் சொன்னதுதான் சரி" என்றாள் தம்பி மனைவி. அம்மா ஒரு கம்பளிக் குல்லா பின்னிக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"பாதி சரி" என்றார்கள் டாக்டரம்மா. "குளிர் சாதாரண விஷயம் அல்ல."

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குச் சரித்திரத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1958-ஆம் வருஷம் அமெரிக்காவில் வில்லியம் ஸில்வர்மன் என்ற குழந்தை வைத்தியரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். குறைப்பிரசவக் குழந்தைகளை வைக்கும் பெட்டிகளில், சிலவற்றைச் சில டிகிரி மட்டும் அதிக உஷ்ணமாக வைத்துப் பார்த்தார்கள். புது மருந்து எதுவும் இல்லை. அந்தச் சில டிகிரியினாலேயே உஷ்ணமான பெட்டிகளில் இருந்த குழந்தைகள் கணிசமாக அதிகம் பேர் பிழைத்தார்கள்! சிறு உடம்புக்குச் சூடு என்பதும் ஒரு மருந்து என்று வைத்திய உலகம் அன்று தெளிவாகத் தெரிந்துகொண்டது. மயக்கத்தில் குளிர்ந்து போகும் குழந்தைக்கு மருந்து உடம்பிலிருந்து வெளியேறத் தாமதமாகும். கண் விழிக்க நேரமாகும். மிகச் சிறிய சிசுவாக இருந்தால் மூச்சே இடையில் நின்று நின்று வரலாம்.

சரி, அப்படியானால் நன்றாகச் சுற்றிப் போர்த்தி உள்ளே அனுப்பிவிட வேண்டியதுதானே? அங்கேதான் இந்த யந்திரத்தின் விசித்திரம் இருக்கிறது. ஒரு பக்கம் குளிர வைக்கிற அறையிலேயே இன்னொரு பக்கம் சூடேற்றுகிற வேலையும் நடக்கிறது.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கிடையாது. நம் உடம்பில் உள்ள தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தத்தால் ஒழுங்குபடுத்தி, ரேடியோ அலைகளால் தட்டி எழுப்பி, அவை தரும் பதிலை வாங்கிப் படமாக்குகிறார்கள். 1973-ல் அமெரிக்காவின் பால் லாட்டர்பர் இப்படிப் படம் எடுக்கலாம் என்று காட்டினார். இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்பீல்டு அதை வேகமாக எடுக்க வழி கண்டார். 2003-ல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். தட்டி எழுப்புகிற அந்த ரேடியோ அலைகளில் ஒரு பகுதி உடம்பில் தங்கிச் சூடாக மாறுகிறது.

எவ்வளவு சூடு? சாதாரண முறையில் எடுக்கும்போது, உடம்பு முழுவதற்குமாக ஒரு கிலோ எடைக்கு 2 வாட் என்பது எல்லை. பத்து கிலோ குழந்தைக்குக் கணக்குப் போட்டால் 20 வாட். ஒரு சின்ன பல்பு எரிகிற அளவு. விழித்திருப்பவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. பாட்டி கதவைத் திறந்துவிடுவாள், லேசாக வேர்க்கும், தீர்ந்தது. ஆனால் இங்கே பாட்டி தூங்குகிறாள். மேலே கனமான போர்வையும் இருந்துவிட்டால் அந்தச் சூடு எங்கே போகும்? காந்தத்தின் வலிமை கூடக் கூட இதுவும் கூடும். 1.5 டெஸ்லா யந்திரத்தைவிட 3 டெஸ்லா யந்திரத்தில், அதே மாதிரிப் படத்துக்கு, சூடு நாலு மடங்கு வரை ஏறலாம். அதனால் எல்லையை மீறாதபடி யந்திரமே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

2006-ல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. தூக்க மருந்து கொடுத்து மூளையைப் படம் எடுத்த குழந்தைகளுக்கு, குளிர்ந்த அறையில் இருந்தும், உஷ்ணம் இறங்குவதற்குப் பதிலாக ஏறியிருந்தது! 2009-ல் வியன்னா நகர டாக்டர்களும் இதையே கண்டார்கள். 1.5 டெஸ்லா யந்திரத்தில் சுமார் 0.2 டிகிரி செல்சியஸ், 3 டெஸ்லாவில் சுமார் 0.5 டிகிரி செல்சியஸ் ஏற்றம். நம் தர்மாமீட்டர் கணக்கில் 0.5 என்பது ஏறக்குறைய ஒரு டிகிரி பாரன்ஹீட். முழு மயக்கத்தில் இருந்த குழந்தைகளுக்கு உஷ்ணம் இறங்கியதாகச் சொல்லும் ஆராய்ச்சிகளும் உண்டு.

ஆக, எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே ஜோசியம் சொல்ல முடியாது. குழந்தையின் வயது, எடை, மருந்தின் வகை, யந்திரத்தின் வலிமை, எடுக்கிற நேரம், போர்வையின் கனம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிற விஷயம் இது. ஒரே வழி, ஆரம்பத்தில் அளப்பது, நடுவில் கவனிப்பது, முடிவில் அளப்பது. அதற்கு ஏற்றபடி போர்வையைக் கூட்டுவது, குறைப்பது.

"இப்போது சொல்லுங்கள்" என்று டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்கள். "மருந்து கொடுத்து 98.8-ஆக இறக்கிக் கொண்டுவந்தால், நான் அதை நம்பித்தானே ஆரம்பிப்பேன்? உள்ளே உஷ்ணம் ஏறினால் யந்திரம் ஏற்றியதா, ஜுரம் திரும்பி வந்ததா, மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா, எப்படிக் கண்டுபிடிப்பேன்? அதுவும் வலிப்பு வந்த குழந்தை. சளி கட்டிய மார்போடு மயங்கினால் மூச்சுக்குழல் வேறு இறுகிக்கொள்ளும். என்னிடம் மறைத்தால் என் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி."

நான் பதில் சொல்லவில்லை. என்ன பதில் இருக்கிறது?

மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமை என்றார்களே, அதற்கும் ஒரு கதை உண்டு. 1960-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தான் ஒரு மாணவன். கால் முறிந்ததைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை; மயக்க மருந்தைப் பற்றித்தான் நடுக்கம். காரணம் கேட்டபோது, தன் உறவினர்கள் பத்துப் பேர் மயக்க மருந்து கொடுத்தபோது இறந்துபோனார்கள் என்றான். டென்பரோ என்ற டாக்டர் அதை அலட்சியம் செய்யாமல் குடும்பம் முழுவதையும் விசாரித்து, லவல் என்ற சகாவோடு சேர்ந்து எழுதினார். பரம்பரையாக வரும் ஒரு கோளாறு அது என்று புலப்பட்டது. சில மயக்க மருந்துகள் பட்டால் தசைகள் இறுகி, உடம்பு அனலாகக் கொதித்துவிடும். அபூர்வமான வியாதிதான். இன்று அதற்கு மாற்று மருந்து இருக்கிறது. அந்த மயக்க மருந்துகளைத் தவிர்க்கவும் வழி இருக்கிறது. ஆனால் குடும்பத்தில் அப்படி நடந்தது என்று யாராவது வாய் திறந்து சொன்னால்தானே? அந்த மாணவன் சொன்னான், பிழைத்தான்.

இனி, முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் கை ஏன் அங்கே போக முடியாது? குகைக்குள் இருக்கும் குழந்தையின் நெற்றி எட்டாது என்பது ஒன்று. இன்னொன்று அந்தக் காந்தம். 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்த சக்தியைப் போல் சுமார் 30,000 மடங்கு. அதை ராத்திரியில் அணைத்து வைப்பதும் கிடையாது. 2001-ல் நியூயார்க் மாநிலத்தில், மருந்து கொடுத்து உள்ளே படுக்க வைத்திருந்த ஆறு வயதுப் பையனுக்குப் பிராணவாயு வேண்டியிருந்தபோது, சாதாரண இரும்பு சிலிண்டரை யாரோ அறைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். காந்தம் அதைக் குகைக்குள் இழுத்தது. அடிபட்ட பையன் பிழைக்கவில்லை. அதிலிருந்து உலகம் முழுவதும் இந்த அறையின் கதவில் காவல் கடுமையாகிவிட்டது.

ஆபரேஷன் அறையில் குழந்தையைச் சூடாக வைக்க உபயோகிக்கும் யந்திரங்களையும், சாதாரணத் தர்மாமீட்டர் கம்பிகளையும் இங்கே இஷ்டப்படி கொண்டுபோக முடியாது. சாதாரணக் கம்பியே ரேடியோ அலையில் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். ஆகவே, ஒளியை மட்டும் கடத்தும் கண்ணாடி இழையால் செய்த விசேஷத் தர்மாமீட்டர்கள் வந்திருக்கின்றன. அவை இல்லாத இடங்களில் ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் அளந்து, நடுவில் நாடித் துடிப்பையும் மூச்சையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

சகோதரிகளே, தாயாக நாம் செய்யக்கூடியது என்ன? நிறைய இருக்கிறது.

முதலாவது, உண்மையைச் சொல்வது. ஜுரம், சளி, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் விபரீதம் நேர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அவசரமான ஸ்கேனாக இருந்தால் ஜுரத்தோடும் எடுக்க வேண்டி வரலாம். அதை டாக்டர் தீர்மானிக்கட்டும்.

இரண்டாவது, எடை. மயக்க மருந்தின் அளவும் எடையைப் பொறுத்தது; யந்திரம் போடும் சூட்டுக் கணக்கும் எடையைப் பொறுத்தது. "பத்துப் பன்னிரண்டு இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொல்லாமல் அன்றைக்கே நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, உடை. ஆஸ்பத்திரிக்குத்தானே என்று புதுச் சட்டை போட்டு அழைத்துப் போகிறோம். ஜரிகை, ஊக்கு, பித்தளைப் பொத்தான், தாயத்து, வெள்ளி அரைஞாண், கொலுசு, காப்பு ஒன்றும் உள்ளே போகக்கூடாது. வெள்ளியும் தங்கமும் காந்தத்தில் ஒட்டாதே என்பீர்கள், ஒட்டாவிட்டாலும் சூடேறும். உள்சட்டைத் துணியில் கண்ணுக்குத் தெரியாத உலோக இழை இருந்ததால், மருந்தில் உறங்கிய ஒருவருக்குத் தோல் வெந்துபோன சம்பவத்தை 2013-ல் ஒரு வைத்திய சஞ்சிகை வெளியிட்டது. விழித்திருப்பவர் "சுடுகிறது" என்று கத்துவார்; மயங்கிய குழந்தை கத்தாது. ஆகவே ஆஸ்பத்திரி கொடுக்கும் அங்கிதான் உத்தமம். கண் மையும் வேண்டாம். சில மைகளில் உள்ள இரும்புப் பொருள் படத்தைக் கெடுக்கும்.

நாலாவது, பட்டினி. பொதுவாகச் சாப்பாடும் மாட்டுப் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன், தாய்ப்பால் நாலு மணிக்கு முன், தண்ணீர் இரண்டு மணிக்கு முன் என்பது வழக்கம். உங்கள் டாக்டர் சொல்லும் நேரமே முடிவானது. "குழந்தை அழுகிறதே, ஒரு வாய் பால்தானே" என்று யாரும் இரக்கப்படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மயக்கத்தில் அந்தப் பால் மூச்சுக்குழலில் போய்விடும். அதே சமயம் தேவைக்கு மேல் பட்டினி போடுவதும் தவறு.

ஐந்தாவது, கேள்வி. "உள்ளே குழந்தையின் உஷ்ணத்தை எப்படிப் பார்ப்பீர்கள்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மயக்கம் இல்லாமலே எடுக்க முடியுமா என்றும் கேட்கலாம். சில மாதங்களே ஆன சிசுவாக இருந்தால், வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் சுற்றி, இயற்கையான தூக்கத்திலேயே படம் எடுத்துவிடும் முறை உண்டு. விவரம் தெரிந்த குழந்தையைக் கதை சொல்லிப் பழக்கி, விழித்தபடியே எடுப்பதும் உண்டு.

எங்கள் கதையின் மீதியைக் கேளுங்கள். சளி நன்றாகத் தெளிந்தபின் மறுபடியும் போனோம். இந்தத் தடவை காகிதத்தில் எழுதிக் கொடுத்தவள் நான்! உஷ்ணம் 98.4. அம்மாவும் கூட வந்திருந்தாள். குல்லாவை டாக்டரம்மாவிடம் நீட்டினாள். அதன் உச்சியில் அழகுக்காக ஒரு பித்தளைப் பொத்தான்! "இது வெளியிலேயே இருக்கட்டும் பாட்டி. குழந்தை எழுந்ததும் முதல் வேலையாக நீங்களே போட்டுவிடுங்கள்" என்றார்கள். அம்மாவுக்குக் குளிர்ந்துவிட்டது.

குழந்தை உறங்கும் வரை தம்பி மனைவி அருகில் இருந்தாள். பிறகு கதவு மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து டக் டக் என்று இடிக்கிற ஓசை. அம்மா வாய்க்குள்ளேயே ஸ்தோத்திரம் சொன்னாள். தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். தம்பி மனைவி மட்டும் தன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஐம்பது நிமிஷம் கழித்துக் குழந்தையை வெளியே கொண்டுவந்தார்கள். அவள் ஓடிப்போய் நெற்றியில் கையை வைத்தாள்.

"கொஞ்சம் குளிர்ந்திருக்கிறது" என்றாள்.

நர்ஸ் அளந்து பார்த்தாள். 97.2. தம்பி மனைவியின் கை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. சூடான போர்வை ஒன்று வந்தது. அரை மணியில் கைகால்கள் வெதுவெதுப்பாகிவிட்டன; குழந்தை கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றது. இரண்டு நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. மருந்தைத் தொடர்ந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் தம்பி மனைவியிடம், "அன்றைக்கு நான் சொன்னபடி நீ வாயை மூடிக்கொண்டிருந்தால்...?" என்று ஆரம்பித்தேன்.

"விடுங்கள் அக்கா. உங்களுக்கும் குழந்தை மேல் உள்ள ஆசைதான்" என்றாள் அவள்.

முன் ஸீட்டில் அம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குல்லாவை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். சித்திரை வெயிலில் குழந்தை அதை இழுத்து எறிந்தது. அதன் வீட்டுப் பாட்டி கண் விழித்துவிட்டாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.